குட்டை முடி நாய் வளர்க்க நினைப்பவர்களுக்கு: இனம் தேர்வதிலிருந்து உரிமம் வாங்குவது வரை

நாய் வளர்க்க ஆசை, ஆனால் தினமும் முடி சீவிவிட நேரமில்லை. மாதாமாதம் சலூனுக்குக் கொண்டுபோய் ஆயிரம் இரண்டாயிரம் கொடுக்கவும் மனமில்லை. இந்த நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் சென்னையில் அடுக்குமாடி வீட்டில் இருப்பவன். இந்த வேலையில் இறங்கியபோது யாரும் முழுதாக எதையும் சொல்லவில்லை. விற்பவர் ஒன்று சொன்னார், பக்கத்து வீட்டுக்காரர் வேறு சொன்னார், மாநகராட்சி இணையதளம் இன்னொன்று கேட்டது. எதை முதலில் செய்வது, எதற்கு எந்தக் காகிதம் வேண்டும் என்பதை வரிசையாகத் தருகிறேன். உரிமம் பற்றியவை சென்னைக்கு உரியவை. மற்றதெல்லாம் தமிழ்நாட்டில் எங்கிருந்தாலும் பொருந்தும். விலைகள் ஏறக்குறையத்தான்.

1. குட்டை முடி என்றால் கொட்டாத முடி என்று நம்பாதீர்கள்

முதல் பொறி இதுதான். பலர் லாப்ரடார் வாங்குகிறார்கள், முடி குட்டைதானே என்று. லாப்ரடாருக்கு மேலே ஒரு அடுக்கு, உள்ளே பஞ்சு மாதிரி இன்னொரு அடுக்கு என்று இரண்டு அடுக்கு முடி. வருடம் முழுக்கக் கொட்டும். பீகிளும் அப்படித்தான். பக் நாய் அளவில் சின்னது, ஆனால் கொட்டுகிற முடியைப் பார்த்தால் அப்படித் தெரியாது. அதோடு முக மடிப்புகளைத் தினமும் துடைத்து உலர்த்தாவிட்டால் புண் வந்து நாறும். டால்மேஷியனின் முடி ஊசிபோல் சோபாவில் குத்தி நிற்கும், கையால் தட்டினால் வராது.

நீங்கள் தேட வேண்டியது உள்ளடுக்கு இல்லாத, தோலோடு ஒட்டிய ஒற்றை அடுக்கு முடி. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம், கோம்பை, டாபர்மேன், மினியேச்சர் பின்ஷர், வழுவழு முடியுள்ள டாஷண்ட் ஆகியவை இந்த வகை. இவற்றுக்கும் முடி கொட்டும், ஆனால் துடைப்பத்துக்குள் அடங்கும்.

வீட்டில் யாருக்காவது ஆஸ்துமாவோ ஒவ்வாமையோ இருந்தால் முடி நீளத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். ஒவ்வாமையைக் கிளப்புவது நாயின் எச்சில், தோல் செதில், சிறுநீர் இவற்றில் இருக்கும் புரதம். மொட்டை நாய்க்கும் அது உண்டு. அதே இன நாய் இருக்கும் வீட்டுக்கு அவரை இரண்டு மூன்று முறை அழைத்துப்போய் உட்கார வைத்துப் பாருங்கள்.

2. இனத்தை முடிவு செய்யுங்கள்

இந்த ஒரு படிக்கு மட்டும் ஒரு மாதம் எடுத்துக்கொண்டாலும் தப்பில்லை.

நம் ஊர் வெயிலுக்கும் குறைந்த பராமரிப்புக்கும் என் முதல் பரிந்துரை சிப்பிப்பாறையும் கன்னியும். இரண்டும் தென்மாவட்டங்களில் முயல் வேட்டைக்கு வளர்த்தவை. ஒல்லி உடம்பு, நீண்ட கால், உள்வாங்கிய வயிறு. சாம்பல், செவலை எனச் சிப்பிப்பாறையில் பல நிறம் உண்டு. கருப்பு உடலில் பழுப்பு அடையாளங்கள் இருந்தால் கன்னி. உடம்பில் நாற்றம் குறைவு, வீட்டுக்குள் பெரும்பாலும் சத்தமில்லாமல் படுத்துக் கிடக்கும். ஆனால் காலையும் மாலையும் ஓட விட வேண்டும். சீப்புக்கு மிச்சமாகும் நேரம் முழுக்க ஓட்டத்துக்குப் போய்விடும். அதற்குத் தயாரில்லை என்றால் இந்த இனம் வேண்டாம், செருப்பும் மெத்தையும் மிஞ்சாது. இன்னொன்று, பூனையோ அணிலோ ஓடினால் நீங்கள் கூப்பிடுவது அதன் காதில் விழாது. வேலியில்லாத இடத்தில் கயிற்றை அவிழ்க்கவே கூடாது.

ராஜபாளையம் பெரிய நாய். தோள் உயரமே 65 முதல் 75 சென்டிமீட்டர் வரும். வீட்டு ஆட்களிடம் ஒட்டும், வெளியாளைச் சேர்க்காது. நாளுக்குப் பத்து டெலிவரிப் பையன்கள் வந்துபோகும் பிளாட்டில் இது அதற்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம். தோட்டத்தோடு தனி வீடு இருந்தால் தாராளமாக யோசிக்கலாம். வெள்ளை முடியும் இளஞ்சிவப்பு மூக்கும் பார்க்க அழகு, ஆனால் நிறமி இல்லாத தோல் வெயிலில் சீக்கிரம் வெந்துவிடும். நண்பகலில் மொட்டை மாடியில் கட்டிப்போடுவது கொடுமை. இந்த இனத்தில் பிறவிக் காதுகேளாமையும் உண்டு, சோதிக்கும் முறையை நான்காவது படியில் சொல்கிறேன்.

கோம்பை தேனிப் பக்கத்து இனம். செம்பழுப்பு உடல், கருத்த வாய். பிடிவாதமும் துணிச்சலும் கொண்ட காவல் நாய். முதல்முறை நாய் வளர்ப்பவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

வெளிநாட்டு இனங்களில் டாஷண்ட் பிளாட்டுக்குப் பொருந்தும். முதுகெலும்புத் தட்டுப் பிரச்சினை இந்த இனத்தில் அதிகம் என்பதால் மாடிப்படி ஏறி இறங்கவும் கட்டிலிலிருந்து குதிக்கவும் விடக்கூடாது. நீள முடி டாஷண்டும் உண்டு, குட்டியில் வித்தியாசம் சட்டென்று தெரியாது. தாயையும் தகப்பனையும் பார்த்துவிட்டு வாங்குங்கள். டாபர்மேன் புத்திசாலி, ஆனால் இதயநோய் இந்த இனத்தில் பரவலாக இருக்கிறது. பாக்ஸருக்கு மூக்குக் குட்டை, சித்திரை வெயிலில் திணறும்.

சில இனங்களில் சட்டச் சிக்கலும் இருக்கிறது. பிட்புல், ராட்வைலர் இரண்டுமே குட்டை முடிதான். ஆனால் இவற்றுக்குப் புதிதாக உரிமம் தருவதில்லை என்று சென்னை மாநகராட்சி 2025 கடைசியில் முடிவெடுத்தது. யாராவது விலை குறைத்துத் தருகிறேன் என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். தமிழக அரசின் 2024 நாய் இனப்பெருக்கக் கொள்கையில் நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத இனங்கள் என்று ஒரு பட்டியல் வந்தது. ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டோடு குட்டை முடியுள்ள பக்கும் பிரெஞ்சு புல்டாக்கும் அதில் இருந்தன. மூச்சுத் திணறும் மூக்கமைப்புதான் இந்த இரண்டிலும் சிக்கல்.

இவ்வளவு தேடுவதற்கு முன் நாட்டு நாயைப் பற்றி ஒருமுறை நினைத்துப் பாருங்கள். தெருவில் பார்க்கிறோமே, அதே நாய்தான். குட்டை முடி, நல்ல எதிர்ப்புச் சக்தி, இந்த வெயிலுக்கே பிறந்த உடம்பு. விலையும் கிடையாது. கிண்டியில் உள்ள புளூ கிராஸ் போன்ற காப்பகங்களில் தத்தெடுக்கலாம். முகவரிச் சான்றும் அடையாள அட்டையும் கொண்டுபோக வேண்டும். சில கேள்விகள் கேட்பார்கள், வளர்ந்ததும் கருத்தடை செய்யச் சொல்லி எழுதி வாங்குவார்கள்.

3. வீட்டுக்காரரிடமும் சங்கத்திடமும் பேசிவிடுங்கள்

குட்டியைத் தூக்கி வந்த பிறகு பேசலாம் என்று விடாதீர்கள். வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தில் நாய் வளர்க்க அனுமதி என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். வாய்ச்சொல் போதாது, வீடு கைமாறினால் புது உரிமையாளர் அதை மதிக்க வேண்டியதில்லை.

சொந்த பிளாட்டில் கதை வேறு. செல்லப்பிராணி வளர்க்கவே கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடைபோட முடியாது, லிஃப்டில் ஏற்றக் கூடாது என்றும் சொல்ல முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியத்தின் வழிகாட்டுதல் இருக்கிறது. அதை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதல் கூட்டத்திலேயே அதை நீட்டிச் சண்டை போட வேண்டாம். கயிறு கட்டித்தான் வெளியே வருவேன், கழிவை நானே எடுப்பேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும்.

4. குட்டி வாங்கும்போது பார்க்க வேண்டியவை

நாய் இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது 2017 முதல் விதி. அந்தச் சான்றைக் கேளுங்கள். மழுப்பினால் நகர்ந்துவிடுங்கள். 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்பதும் அதே விதிதான். ஆனால் நடைமுறையில் 30 நாள், 35 நாள் குட்டியைத்தான் பலர் நீட்டுகிறார்கள். தாய்ப்பாலும் கூடப்பிறந்தவற்றோடு விளையாட்டும் இல்லாமல் வரும் குட்டி கடிக்கும், அழும், சீக்கிரம் நோயில் விழும். முன்பணம் கொடுத்து, 8 வாரம் ஆனதும் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள்.

நேரில் போங்கள். தாயை அது இருக்கும் இடத்திலேயே பாருங்கள். தாய் ஊரில் இருக்கிறது, தோட்டத்தில் இருக்கிறது என்றால் அது இடைத்தரகர். குட்டியின் கண், மூக்கு, ஆசனவாய் மூன்றும் சுத்தமாக இருக்க வேண்டும். முடி குட்டையாக இருப்பதில் ஒரு வசதி, தோல் முழுக்கக் கண்ணுக்குத் தெரியும். கண்ணைச் சுற்றியும் முன்னங்காலிலும் வட்ட வட்டமாக முடி இல்லாத இடம் இருந்தால் சொறியாக இருக்கலாம். வெயிலில் உதிர்ந்தது என்று விற்பவர் சொல்வார். கால்நடை மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை பணம் கொடுக்காதீர்கள்.

வெள்ளைக் குட்டி, அதாவது ராஜபாளையமோ டால்மேஷியனோ என்றால் காதைச் சோதியுங்கள். மற்றக் குட்டிகளிலிருந்து பிரித்து, அது பார்க்காதபோது பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். முகத்துக்குப் பக்கத்தில் கை தட்டினால் காற்று படுவதை உணர்ந்து திரும்பிவிடும், ஏமாந்துவிடுவீர்கள். ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இந்தச் சோதனையில் கண்டுபிடிக்க முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

கேசிஐ பேப்பர் இருக்கிறது என்றால் விலை ஏறும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா தரும் பதிவுச் சான்று அது. கண்காட்சிக்குப் போகவோ இனப்பெருக்கம் செய்யவோ எண்ணமில்லாதவருக்கு அது கட்டாயமில்லை. வேண்டுமென்றால், உரிமை மாற்றப் படிவத்தில் விற்பவரின் கையெழுத்தை அன்றே வாங்கிவிடுங்கள். பேப்பர் பின்னால் வரும் என்று சொல்லி முழுத் தொகையும் வாங்கிக்கொண்டவரிடமிருந்து எனக்குக் கடைசிவரை எதுவும் வரவில்லை. பேப்பர் இல்லாத நாட்டு இனக் குட்டிகளை 5,000 முதல் 15,000 ரூபாய்க்குள் கேட்கிறார்கள். பேப்பர் இல்லாமலே 25,000 சொன்னால் பேரம் பேசுங்கள், அல்லது கிளம்புங்கள். தொகை, தேதி, குட்டியின் அடையாளம், போட்ட ஊசி எல்லாம் எழுதிய ரசீது அவசியம்.

தெற்கிலிருந்து குட்டியை அட்டைப்பெட்டியில் போட்டு ஆம்னி பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறேன் என்பார்கள். ஒப்புக்கொள்ளவே வேண்டாம். சாமான் அறைக்குள் காற்று வராது. காரில் போய் எடுத்து வாருங்கள். ரயில் என்றால் நாயை உங்களோடு வைத்துக்கொள்ள முதல் வகுப்பு ஏசியில் இருவர் அறையான கூபேயோ நால்வர் அறையான கேபினோ முழுதாக உங்கள் பேரில் இருக்க வேண்டும், கால்நடை மருத்துவரின் உடல்தகுதிச் சான்றும் கேட்பார்கள்.

5. ஊசி அட்டவணை

வந்த இரண்டு மூன்று நாளுக்குள் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செலவு குறைவு, வரிசை நீளம், காலையிலேயே போய்விட வேண்டும். காத்திருக்கும்போது குட்டியைத் தரையில் விடாதீர்கள், மடியிலேயே இருக்கட்டும். குட்டிகளுக்கு ரத்தபேதி வரவழைத்து உயிரையே எடுக்கும் பார்வோ கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற தொற்றுநோய்களுக்கான கூட்டு ஊசியை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வார இடைவெளியில், 16 வாரம் ஆகும்வரை போடுவார்கள். ஒன்று போட்டாயிற்று, போதும் என்று நிறுத்துபவர்கள்தான் குட்டியை இழக்கிறார்கள். ரேபிஸ் ஊசி 3 மாதம் முடிந்ததும். பிறகு எல்லாம் வருடத்துக்கு ஒருமுறை. குடற்புழு மருந்து 3 மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 6 மாதம் வரை மாதம் ஒருமுறை, அப்புறம் 3 மாதத்துக்கு ஒருமுறை. கடைசிக் கூட்டு ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகும்வரை தெருவில் இறக்க வேண்டாம். வாந்தியும் ரத்தம் கலந்த பேதியும் கண்டால் மறுநாள் பார்ப்போம் என்று இருக்காதீர்கள்.

ஒவ்வொரு ஊசிக்கும் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரைத் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டி, மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் பதிவெண்ணும் வாங்குங்கள். விற்பவர் கையால் கிறுக்கிய, மருத்துவர் பெயரில்லாத அட்டை எங்கும் செல்லாது. அதில் ஊசி போட்டதாக எழுதியிருந்தாலும் மருத்துவரிடம் காட்டி முதலிலிருந்து போடலாமா என்று கேளுங்கள்.

சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பவர்கள் கருத்தடை அறுவைக்குப் போகும்போது இது வேட்டை இனம் என்று மயக்க மருந்து கொடுப்பவரிடம் தனியாகச் சொல்லுங்கள். கொழுப்பில்லாத உடம்பு என்பதால் சில மயக்க மருந்துகள் இவற்றுக்குத் தெளிய ரொம்ப நேரமாகும்.

6. மைக்ரோசிப்பும் மாநகராட்சி உரிமமும்

சென்னையில் உரிமம் கட்டாயம். கட்டணம் வருடத்துக்கு 50 ரூபாய்தான். வாங்காமல் மாட்டினால் அபராதம் 5,000. நாயின் அடையாள எண் பதிந்த மைக்ரோசிப்பும் இப்போது கட்டாயமாகிவிட்டது.

வரிசை முக்கியம். ரேபிஸ் ஊசிச் சான்று இல்லாமல் உரிமம் கிடைக்காது. ஆகவே 8 வாரக் குட்டி வாங்கினால் உரிமத்துக்கு ஒரு மாதமாவது காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் சிப் வேலையை முடித்துக்கொள்ளலாம். அரிசி அளவு சிப்பைத் தோள்பட்டைகளுக்கு நடுவே ஊசியால் ஏற்றுவார்கள், ஒரு நிமிட வேலை. மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை மையங்களில் இலவசமாகவே செய்கிறார்கள். நுங்கம்பாக்கம், திரு.வி.க. நகர், புளியந்தோப்பு, லாயிட்ஸ் காலனி எனப் பல இடங்களில் மையம் உண்டு. தனியார் மருத்துவரிடம் சில நூறிலிருந்து ஆயிரம் ரூபாய் வரை ஆகும். சிப் போட்டதும் ஸ்கேனரை வைத்து, 15 இலக்க எண் அதில் வருகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். காகிதத்தில் எழுதிய எண்ணோடு ஒப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

விண்ணப்பம் மாநகராட்சி இணையதளத்தில். கையில் தயாராக வைத்திருக்க வேண்டியவை: உங்கள் அடையாளச் சான்று, சென்னை முகவரிச் சான்று, உங்கள் படம், நாயின் படம், ரேபிஸ் ஊசிப் பக்கத்தின் தெளிவான நகல், சிப் எண். ஆதாரில் ஊர் முகவரி இருந்தால் இங்கே தடுக்கும், வாடகை ஒப்பந்தமோ கேஸ் ரசீதோ எடுத்து வையுங்கள். படங்களைச் சிறிய அளவாக்கிக்கொள்ளுங்கள், போனில் எடுத்த பெரிய கோப்பை ஏற்றும்போது தளம் நடுவில் நின்றுவிடும். ஊசிப் பக்கம் மங்கலாக இருந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள்.

மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் மாநகராட்சி அல்லது நகராட்சியின் சுகாதாரப் பிரிவில் கேட்டுவிடுங்கள். கட்டணமும் முறையும் ஊருக்கு ஊர் மாறும்.

7. வாராந்திரப் பராமரிப்பு

வாரத்துக்கு ஒருமுறை, பத்து நிமிடம், ரப்பர் பல் வைத்த கையுறையோ தூரிகையோ போதும். 200, 300 ரூபாய்க்குக் கிடைக்கும். கம்பிப் பல் சீப்பு கூடாது, இந்த நாய்களின் மெல்லிய தோலைக் கீறிவிடும். குளியல் மாதம் ஒன்று. நம் ஷாம்பூ வேண்டாம், அதன் அமிலத்தன்மை நாயின் தோலுக்கு ஒத்துவராது, வறண்டு அரிக்கும். வாராவாரம் குளிப்பாட்டினாலும் அதே கதிதான். வெறும் ஈரத்துணியால் துடைத்தாலே பளபளப்பு வந்துவிடும்.

நகம் 3, 4 வாரத்துக்கு ஒருமுறை. டைல்ஸில் நடக்கும்போது டக் டக் என்று சத்தம் கேட்டால் வெட்ட வேண்டும் என்று அர்த்தம். கருப்பு நகத்தில் ரத்தக்குழாய் தெரியாது, நுனி நுனியாக வெட்டுங்கள். காதை வாரம் ஒருமுறை முகர்ந்து பாருங்கள், புளித்த வாடை வந்தால் மருத்துவரிடம். பல் துலக்க நாய்க்கென்று உள்ள பற்பசைதான், நம்முடையது அல்ல.

பெரிய தலைவலி உண்ணி. முடி குட்டையாக இருப்பதால் வராது என்றில்லை, சீக்கிரம் கண்ணில் படும், அவ்வளவுதான். காது மடலுக்குள், விரல் இடுக்கில், கழுத்துப்பட்டைக்கு அடியில், வால் அடியில் தினமும் தடவிப் பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் நாயின் ரத்த அணுக்களைத் தாக்கும். திடீரென்று சாப்பிடாமல் படுத்தாலோ, ஈறு வெளுத்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ அன்றே ரத்தப் பரிசோதனை. ஒரு மாதம் தாங்கும் மாத்திரையும் மூன்று மாதம் தாங்கும் மாத்திரையும் இருக்கின்றன, எடைக்கு ஏற்ப மருத்துவர் தருவார். மருந்துக் கடையில் மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைத் தண்ணீரில் கலந்து குளிப்பாட்டச் சொல்வார்கள். கலவை கொஞ்சம் தப்பினாலும், நாய் உடம்பை நக்கினாலும் விஷம். இதற்கு மட்டும் சிக்கனம் வேண்டாம்.

ஒல்லி இனங்களை வெறும் சிமெண்டுத் தரையில் படுக்கவிட்டால் முழங்கைத் தோல் தடித்துக் கருத்துவிடும், சிலசமயம் வெடித்துப் புண்ணாகும். பழைய மெத்தை ஒன்றைப் போட்டுவிடுங்கள். மார்கழிக் குளிரில் உங்கள் பழைய டீசர்ட்டும் தேவைப்படும்.

8. செலவுக் கணக்கு

முதல் வருடம் செலவு கொஞ்சம் கையைக் கடிக்கும். ஊசிகள், குடற்புழு மருந்து, மருத்துவர் கட்டணம் சேர்த்து தனியாரிடம் 5,000 முதல் 8,000 வரை. கருத்தடை அறுவை தனியாரிடம் 5,000க்கு மேல் போகும், அரசு மருத்துவமனையில் அதில் ஒரு சிறு பங்குதான். கழுத்துப்பட்டை, கயிறு, படுக்கை, பாத்திரம் என்று 2,000. மெல்லிய தலையுள்ள வேட்டை இனங்களுக்குச் சாதாரணக் கழுத்துப்பட்டை தலைவழியே கழன்றுவிடும், அகலப் பட்டையோ மார்புப் பட்டையோ வாங்குங்கள்.

அதன்பின் 18, 20 கிலோ நாய்க்குச் சோறு, கோழி, முட்டை என்று வீட்டுச் சமையலில் மாதம் 3,000 முதல் 4,500 ரூபாய். உண்ணி மாத்திரை மாதக் கணக்கில் 500 முதல் 800. சலூன் செலவு பூஜ்யம். திடீர் மருத்துவச் செலவுக்கு 10,000 ரூபாய் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

உரிமம் ஒரு வருடத்துக்குத்தான். புதுப்பிக்கும்போது ரேபிஸ் ஊசி காலாவதியாகாமல் இருக்க வேண்டும். ஊசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பும் உரிமத் தேதிக்கு ஒரு மாதம் முன்பும் போனில் நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள்.